மடியே போதும்

நாற்பத்தாறாவது வயதில் லிஃப்ட் ஆய்வாளர் இசைக்கலைஞர் ஆவதென்று முடிவு செய்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்கும் வேலையே ஆரோகணம், அவரோகணம்தான். தரைத்தளத்தில் ஏறிப் பன்னிரண்டாம் மாடிக்குப் போவார். கயிறு, கதவு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு இறங்குவார். போகிற வழியில் மோட்டாரின் ரீங்காரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார். "சுருதி சேரல" என்று அவர் முணுமுணுத்தால், காவலாளி பயந்துபோய் லிஃப்டைப் பூட்டிவிடுவார்.

முடிவெடுத்துப் பதினோரு மாதம் ஆயிற்று. எந்த வாத்தியம் என்பதுதான் முடிவாகவில்லை. சின்தசைசர் என்பது வரை சரி. மின்சாரத்திலிருந்து ஓசையைக் கறக்கிற பெட்டி. ஆனால் அதில் கட்டை முப்பத்தேழா, அறுபத்தொன்றா? இல்லை, கட்டையே இல்லாமல் பதினாறு பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டு தாளத்தையும் மெட்டையும் கோத்துத் தருகிற க்ரூவ்பாக்ஸா? தினமும் வீடியோ பார்த்தார். எல்லா வீடியோவிலும் தாடி வைத்த ஒருவர், முதல் பெட்டி வாங்குகிறவர்கள் செய்யும் ஐந்து தவறுகளைச் சொன்னார். ஆய்வாளர் ஐந்தையும் கவனமாகத் தவிர்த்தார். ஒன்றையும் வாங்காமல் இருந்ததால் அது சுலபமாக இருந்தது.

பெட்டி இல்லாவிட்டாலும் அதற்கான அறை தயாராக இருந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதில் காலியான பின்னறை. அதன் கதவில் ஒரு தாளை ஒட்டி 'ஸ்டூடியோ' என்று எழுதியிருந்தார். உள்ளே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் வீடியோ பார்த்தார்.

அந்த அறை மனைவிக்கும் வேண்டியிருந்தது. அவள் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் திரைச்சீலை தைப்பவள். மிஷின் கூடத்தில், டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றது. நீளத் துணியைத் தரையில் விரித்துத்தான் வெட்டினாள். விரித்த துணிமேல் ஆய்வாளர் சிந்தனையோடு நடந்து போவார். பின்னறையில் வடக்கு ஜன்னல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளை நூலுக்கும் பால்வெள்ளை நூலுக்கும் வித்தியாசம் தெரியும். அவள் அறையைக் கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரிக்கு முப்பத்திரண்டு திரை தைக்க வேண்டியிருந்ததால் பேச நேரமில்லை.

ஆய்வாளரின் மனம் உள்ளுக்குள் அறுபத்தொரு கட்டையில் இருந்தது. ஸ்டாண்டோடு, இரண்டு ஸ்பீக்கரோடு. நேராகக் கேட்டால் நடக்காது. ஆகவே ஒரு திட்டம் போட்டார். முதலில் சின்னப் பெட்டிக்குச் சம்மதம் வாங்குவது. சம்மதம் லிஃப்ட் கதவு மாதிரி. ஒருமுறை திறந்துவிட்டால் எவ்வளவு பெரிய சாமானையும் சாய்த்து உள்ளே தள்ளிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மிஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"சின்னப் பொட்டிதான். க்ரூவ்பாக்ஸுன்னு பேரு."

"எவ்ளோ சின்னது?" கழுத்தில் தொங்கிய டேப்பை அவள் கையில் எடுத்தாள்.

"ஒம்பது இஞ்ச் நீளம். ஆறு அகலம். ஒண்ணரை உயரம்." பதினோரு மாதப் படிப்பு வீண்போகவில்லை.

சாக்குக்கட்டியால் ஒரு துண்டுத் துணியில் குறித்துக்கொண்டாள்.

"கட்டை எத்தன?"

"கட்டையே கிடையாது."

"நல்லதாப் போச்சு. ஏற்கெனவே ஒண்ணு சோபால கிடக்கு."

ஆய்வாளர் அதை விழுங்கினார். காரியம் பெரிது.

"டேபிள் போடணுமா?"

"டேபிளா! மடியே போதும்."

"கரண்ட்டு?"

"பேட்டரி."

"சத்தம்?"

"ஹெட்போன் மாட்டிக்குவேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் கேக்காது."

"நீங்க பேசுறதுக்கும் அப்படி ஒண்ணு வந்திருக்கான்னு விசாரிச்சீங்களா?"

"ஸ்பீக்கரும் இருக்கு. வேணும்னா வெளிய விடலாம். மைக் இருக்கு. எந்தச் சத்தத்தப் பிடிச்சு உள்ள போட்டாலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்."

"எவ்ளோ நேரத்துக்கு?"

"நாம நிறுத்துற வரைக்கும். அதுக்குப் பேரு லூப்பு."

"நான் அதுக்குக் கல்யாணம்னு பேரு வச்சிருந்தேன்." அதையும் துணியில் குறித்துக்கொண்டாள். "ஆக, எங்க வேணும்னாலும் உக்காந்து வாசிக்கலாம்?"

"எங்க வேணும்னாலும்! பஸ்ல, மொட்டமாடில, மாடிப்படில…"

"சரிங்க. வாங்கிடலாம்."

இவ்வளவுதானா? ஆய்வாளர் பின்னறைக்குப் போய், சாட்சிக்கு யாரும் இல்லாததால் நாற்காலியோடு கைகுலுக்கினார்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனார். அறுபத்தொரு கட்டைமேல் இரண்டு கையையும் வைத்தார். அது இடி மாதிரி முழங்கியது. விற்பனையாளர் ஓடி வந்தார்.

"சார் ரொம்ப நாளா வாசிக்கிறீங்களா?"

"பதினோரு மாசமா."

"இப்ப என்ன பொட்டி வச்சிருக்கீங்க?"

"இன்னும் வாங்கல," என்றார் ஆய்வாளர். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தெருவெல்லாம் விரல்களை ஆட்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

கூடம் பெரிதாகியிருந்தது. வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தயங்கினார். தையல் மிஷினைக் காணோம். பின்னறைக் கதவில் அவருடைய தாள் அப்படியே இருந்தது. 'ஸ்டூடியோ'வுக்கு முன்னால் மட்டும் 'திரைச்சீலை' என்று அழகான கையெழுத்தில் சேர்ந்திருந்தது. உள்ளே வடக்கு ஜன்னலை ஒட்டி ஆறடி வெட்டுமேஜை. அதற்குப் பக்கத்தில் மிஷின். அவருடைய நாற்காலிமேல் ஆளுயரத்துக்குத் துணி.

மனைவி ஒரு பையை நீட்டினாள். திரைத்துணியில் தைத்தது. உள்ளே மெத்தை, மேலே ஜிப், தோளில் மாட்ட வார். திறந்தார். பதினாறு பொத்தான் வைத்த க்ரூவ்பாக்ஸ், உறைக்குள் கத்தி மாதிரி கச்சிதமாக இருந்தது.

"அளவு சரியா இருக்கா?"

"இருக்கு… இந்த ரூமு?"

"ரூம் எதுக்குங்க? மடியே போதும்னீங்களே."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நானும் அந்தப் பேச்ச வச்சுத்தான் அளவெடுத்தேன்."

ஆய்வாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "கடையில பெரிசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அறுபத்தொரு கட்டை."

"அதுக்கென்ன, கொண்டு வாங்க. மடி பத்துதான்னு பாப்போம்."

செவ்வாய்க்கிழமை அவர் கடைப்பக்கம் போகவில்லை.

அதன்பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தார். முதல் வாரம் பெட்டியிலிருந்து வந்தது, கதவு சிக்கிக்கொண்ட லிஃப்டின் ஓசை. இரண்டாம் வாரம் ஒருநாள் கோபத்தில் மைக்கைப் பின்னறைக் கதவுப் பக்கம் திருப்பினார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடகட, கடகட, ஒரு நிறுத்தம், திரும்பவும் கடகட. அதைப் பிடித்து உள்ளே போட்டார். படிக்குப் போய், ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் சேர்த்தார், ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் மோட்டார் போடுகிற மாதிரி. சுருதி சேர்ந்தது. எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்ற கேள்வி, பதினோரு மாதத்தில் முதல்முறையாக, அவர் மண்டைக்குள் இல்லை.

ஹெட்போனை மனைவியின் காதில் மாட்டிவிட்டு எதிரே நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டாள். தலை தன்னால் ஆடியது.

"என் மிஷின்தானே இது?"

"ஆமா."

"அப்படியே இருக்குங்க. ரொம்ப நல்லாருக்கு." ஆய்வாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு ஒரு நாள் இத நான் வச்சுக்கட்டுமா?"

இப்படிக் கேட்டால் எந்தக் கலைஞனால் மறுக்க முடியும்?

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்தது. மதியமே வந்தார். படியேறும்போதே கேட்டது. கடகட, கடகட, அடியில் ரீங்காரம். அவருடைய இசை. ஸ்பீக்கரில், கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒருத்தி அதைத் தனியாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! கால் அங்கேயே நின்றுவிட்டது.

கதவுமுன் வேறொருவரும் நின்றிருந்தார். பல் ஆஸ்பத்திரி மேனேஜர். திரை எங்கே என்று தினமும் வந்து உயிரை எடுப்பவர். அழைப்புமணிக்குப் போன கை பாதியில் நிற்க, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கனிந்திருந்தது.

"என்ன சீரான கை பாருங்க! பத்து நிமிஷமா நிக்கிறேன், ஒரு தட்டு தப்பல," என்று ஆய்வாளரிடம் கிசுகிசுத்தார். "இப்படி உழைக்கிறவங்கள நான் போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன். ரெண்டு நாள் தள்ளியே குடுக்கச் சொல்லுங்க உங்க வீட்டம்மாவ."

சத்தம் வராமல் இறங்கிப் போனார்.

ஆய்வாளர் கதவைத் திறந்தார். க்ரூவ்பாக்ஸ் செருப்பு அலமாரிமேல், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பின்னறையில் மிஷின்மேல் உறை. வடக்கு ஜன்னலில் புதுத் திரை பாதி இழுத்துவிட்டிருந்தது. ஆறடி மேஜையில், மடித்த துணியைத் தலைக்கு வைத்து, மனைவி காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"போயிட்டாரா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டார்."

"என்ன சொன்னார்?"

"கை ரொம்பச் சீரா இருக்குன்னார்."

"யார் கை?"

ஆய்வாளர் கொஞ்சம் யோசித்தார். "உன் கைதான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அடுத்ததுல கத்திரிச் சத்தமும் சேத்துருங்க. நாளைக்கு வர்ற ஸ்கூல் டீச்சருக்குக் காது கூர்மை."