தானாக நிற்காத சார்ஜர்

அன்றைக்குப் படகின் அறைக்குள் இருந்தவர்கள் நாலு பேர். நான். என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மைத்துனன். எலக்ட்ரீஷியன். செத்துப்போன சார்ஜரையும் சேர்த்தால் ஐந்து. அது மேஜைமேல் கிடந்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். துக்கம் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னுடையது இருபத்திரண்டு அடி நீளமுள்ள பாய்மரப் படகு. நாலு பேர் உள்ளே உட்கார்ந்தால் எட்டு முழங்கால்களுக்கு இடம் போதாது. விளக்குக்கும், தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் ஒரு பெரிய பேட்டரி. படகுத்துறையில் நிற்கும் மின்கம்பத்திலிருந்து வயரை இழுத்துச் சொருகினால், சார்ஜர் அதை நிரப்பும். பழைய சார்ஜருக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரி நிரம்பினாலும் தானாக நிற்காது. நாமே பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் பேட்டரி கொதித்துக் கெட்டுப்போகும். ஆகவே யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து மணி நேரம்.

அந்த யாராவது நான்தான். ஞாயிறுதோறும் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.

வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். படகு லேசாக ஆடும். கயிறு முனகும். நான் சாய்ந்துகொண்டு, பாயைப் பாய்மரத்தோடு பிணைக்கும் வளையங்களை எண்ணுவேன். பதினொன்று. போன வாரமும் பதினொன்றுதான். அதில் ஒரு நிம்மதி.

இதற்காக ஒரு சின்னத் திருட்டுத்தனமும் செய்துவந்தேன். மாதத்துக்கு ஒருமுறைதான் படகை வெளியே எடுப்போம். பேட்டரி ஏன் காலியாகப் போகிறது? எனவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று வாங்கப் போவதுபோலப் போய், உள்ளே இருக்கும் ஆறு விளக்குகளையும் போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஞாயிறு காலையில் பேட்டரி சுத்தமாகக் காலி. பொறுப்பு மிகுந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சார்ஜர் செத்தபின் மூன்று ஞாயிறுகள் வீட்டில் இருந்தேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஒரு கிடங்கில் திருகாணி எண்ணிக் கொடுத்தவன். முதல் ஞாயிறு சமையலறை டப்பாக்களை எண்ணினேன். டப்பா நாற்பத்தாறு, மூடி முப்பத்தொன்பது. மீதி ஏழு மூடி எங்கே என்று என் மனைவியைக் கேட்டேன். மணிக்கு ஒருமுறை கேட்டேன். இரண்டாம் ஞாயிறு அவளுடைய அலமாரித் துணிகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினேன். மூன்றாம் ஞாயிறு அவள் அடுப்பில் எத்தனை சுற்றுக் கிளறுகிறாள் என்று பக்கத்தில் நின்று எண்ணிச் சொன்னேன். உதவியாகத்தான்.

அதனால் அன்றைக்கு ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தேன். தானாக நிற்கிற சார்ஜர் எதுவும் இந்தப் படகில் ஏறக்கூடாது.

எலக்ட்ரீஷியன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“இது நாப்பது ஆம்பியர். அஞ்சு மணி நேரத்துல நிரப்பிட்டுத் தானா நின்னுடும். இது இருபது. பழசு மாதிரியேதான், நாமதான் பிடுங்கணும்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான் மைத்துனன். “நாப்பதை மாட்டுங்க. எவ்வளவு ஏறியிருக்குன்னு போன்லயே காட்டும். அத்தான் வீட்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டே பாக்கலாம்.”

அவனுக்குப் புதிய சாமான் என்றால் உயிர். அவன் வீட்டுக் கதவு அவன் குரலைக் கேட்டால்தான் திறக்கும். ஜலதோஷம் பிடித்த அன்று வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றான்.

“வேகமா ஏத்தினா பேட்டரி சூடாகும். ஆயுசு குறையும்,” என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து காரணங்களை எழுதிய தாளையும் எடுத்து நீட்டினேன்.

“அதெல்லாம் அந்தக் காலம் அத்தான். சூடானா அதுவே குறைச்சுக்கும்.”

“இது உப்புக்காத்து அடிக்கிற இடம். தானா நிக்கும்னு நம்பி நான் வீட்ல இருக்கேன். நிக்கலைன்னா?”

“இத்தனை வருஷமா நீங்க இங்க தூங்காமதான் பாத்துக்கிட்டிருந்தீங்களா?”

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். “ஐயா, ஒரு சந்தேகம். மீட்டர் வச்சுப் பாத்தேன். இது வாராவாரம் அடியோட காலியாகிற பேட்டரி மாதிரி இருக்கு. கரன்ட் எங்க போகுது?”

எனக்கு வியர்த்தது. “எங்கேயாவது கசியும்.”

“வயர் எல்லாம் பாத்துட்டேனே. கசிவு இல்லை.”

அதுவரை வட்ட ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள்.

“அந்த நாப்பதை மாட்டினா இவர் எங்க இருப்பார்?”

“வீட்லதான்க்கா. ஞாயித்துக்கிழமை பூரா உன்கூடவே.” மைத்துனன் வரம் கொடுக்கிறவன்போலச் சொன்னான்.

“பூராவா?”

“பூரா.”

அவள் அந்தப் பெட்டியை ஒற்றை விரலால் அவன் பக்கம் தள்ளினாள். “இதை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.” பிறகு எலக்ட்ரீஷியனிடம், “கசிவெல்லாம் இல்லைங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் ஆறு விளக்கையும் போட்டுட்டு வர்றார். நாலு வருஷமா,” என்றாள்.

நான் மேஜையைப் பார்த்தேன். மேஜையில் செத்த சார்ஜர் இருந்தது. அதன்மேல் பொறாமையாக இருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன வருஷம் உங்களுக்குக் கால் சுளுக்கு. ரெண்டு வெள்ளிக்கிழமை வாசப்படி தாண்டலை. ஞாயித்துக்கிழமை பேட்டரி காலியா இருந்துச்சா இல்லையா?”

இருந்தது. பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று அன்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

“நான்தான் வந்து விளக்கைப் போட்டுட்டுப் போனேன்.”

அந்த இரண்டு ஞாயிறும் வண்டி பிடித்து என்னைத் துறையில் இறக்கிவிட்டதும் அவள்தான். அன்பு என்று நினைத்திருந்தேன்.

“அப்ப அது அன்பு இல்லையா?” என்று கேட்டேவிட்டேன்.

“அன்புதாங்க.” அவள் கைக்குட்டையை எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள். “உங்களுக்கு இங்க நல்லா இருக்கு. எனக்கு வீட்ல நல்லா இருக்கு. ஆறு மணிக்கு நீங்க கதவைத் தட்டும்போது உங்களைப் பாக்கவும் நல்லா இருக்கு.”

மைத்துனன் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தான். எலக்ட்ரீஷியன் இருபது ஆம்பியர் பெட்டியைக் கையில் எடுத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. இனி அந்தப் பத்து மணி நேரத்தை ஒளிந்து வந்து அனுபவிக்கவும் வேண்டாம். என் வாழ்நாளில் மனைவியிடம் ஒரு காரியத்தில் ஜெயித்து, அவளும் சந்தோஷமாக இருந்தது அன்றுதான்.

“இதை மாட்டிடட்டுமா அம்மா?”

“கொஞ்சம் இருங்க. இதைவிட மெதுவானது இருக்கா?”

எலக்ட்ரீஷியன் பைக்குள் கையை விட்டார். “பத்து ஆம்பியர் ஒண்ணு கிடக்கு. யாரும் வாங்கறதில்லை. இருபது மணி நேரம் இழுக்கும். அதுவரைக்கும் ஒரு ஆள் கூடவே இருக்கணும்.”

“ஆள் இருக்கார். படுக்க இடமும் இருக்கு. மாட்டுங்க.”

மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு மணி இருபத்து நாலு. சார்ஜருக்கு இருபது. வீட்டில் கணவனாக இருக்க எனக்கு மிச்சம் நாலு.