டாக்டர் நாற்காலியில் ஏழு மணங்கு

இந்தச் சித்திரையில் வீரபாண்டி மாட்டுவண்டிப் பந்தயத்தில் எங்கள் வண்டியை நானே ஓட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதை நிறைவேற்ற விடுவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது.

அந்த ஆளின் பெயர் சந்தனம்மாள். என் மனைவி. ஒரு வருஷத்துக்கு முன்னால் மணவறையில் எனக்குக் கழுத்தை நீட்டினாள். அன்று அவள் நீட்டினாள். அன்றிலிருந்து நான் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பேச்சிமுத்து. வயது பத்தொன்பது. என்னிடம் ஒரே ஒரு வித்தை உண்டு. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அது என் தொண்டையில் குடித்தனம் வந்துவிடும். மாமனார் குரலில் இருமி மாமியாரிடம் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன். கிராம முன்சீப் குரலில் கூப்பிட்டுத் தலையாரியை ஊரைச் சுற்ற விட்டிருக்கிறேன். பஸ் கண்டக்டர் குரலில் "தேனி ஏறு, தேனி ஏறு" என்று கத்தி, வராத பஸ்ஸுக்கு ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஓட வைத்திருக்கிறேன். சந்தனம்மாள் குரலில் மட்டும் பேசியதில்லை. அந்தக் குரல் வீட்டில் ஒன்று போதும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வேட்டி கட்டிய முருங்கைக்காய். பிறகு மாமியார் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த விருந்து ஆடியில் தொடங்கியது, மாசியில்தான் எழுந்து கை கழுவினேன். முருங்கைக்காயாகப் போனவன் பூசணிக்காயாகத் திரும்பினேன்.

பந்தய மாடுகளும் மாமனார் சீதனமாகக் கொடுத்தவைதாம். ஒன்று மயிலை, ஒன்று செவலை. ஊரில் "பேச்சிமுத்து மாடு" என்றுதான் பேச்சு. ஆனால் எங்கள் மூன்று பேர் மூக்கணாங்கயிறும் இருப்பது சந்தனம்மாள் கையில்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வெள்ளோட்டம் பார்க்க வண்டியைப் பூட்டினேன். பந்தய வண்டி சின்ன வண்டி, ஓட்டுகிற சாரதி ஒருவன் உட்காரத்தான் இடம். நான் ஒரே தாவாகத் தாவிப் பின்பக்கம் உட்கார்ந்தேன். நுகத்தடி மேலே போனது. மாடு ரெண்டும் கழுத்தை நீட்டி ஆகாயத்தைப் பார்த்தன. மழைக்கு வேண்டிக்கொள்வது போல இருந்தது.

சந்தனம்மாள் சாணிக்கூடையை இறக்கி வைத்தாள்.

"மச்சான், மாடு உங்களை இழுக்கப் போகுதா, நீங்க மாட்டைத் தூக்கப் போறீகளா?"

"முன்னால தள்ளி உக்காந்தாச் சரியாப் போகும்."

"முன்னால உக்காந்தா மாடு படுத்துரும். எறங்குங்க."

இறங்கினேன். அவள் விடவில்லை. பருத்திப் பொதி நிறுக்கும் தராசுக்குக் கூட்டிப்போய் ஒரு தட்டில் என்னை ஏற்றினாள். எதிர்த் தட்டில் ஏழு மணங்கு படிக்கல் ஏறிய பிறகுதான் என் கால் தரையை விட்டது.

"ஏழு மணங்குப் பொதியை எங்கப்பா வீட்டு மாடு இழுக்காது. எளைச்சா ஏறுங்க."

"எளைக்கிறதுக்கு நான் என்ன நோயாளியா? இது ஆரோக்கியமான எடை. எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் கேளு."

வாயில் வந்துவிட்டது. அவள் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள்.

"கேப்போம். தேனியில ராக்கையா டாக்டரு இருக்காகள்ல, அவுககிட்டக் கேப்போம். ஏழு மணங்குதான் உங்களுக்குச் சரியான எடைன்னு அவுக சொல்லட்டும். கயித்த உங்க கையில தாரேன்."

"நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

"நீங்க கேட்டுட்டு வந்து சொன்னா நம்புறதுக்கு நான் ஒண்ணும் தலையாரி இல்ல. டாக்டரு வாயால சொல்றத என் காதால கேக்கணும்."

டாக்டர் வாயால் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதானே. கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லையே. அப்போதே எனக்குள் ஒரு குரல் கனைத்துக்கொண்டது. அது என் குரல் இல்லை.

ராக்கையா டாக்டர் மயிலாடும்பாறைக்காரர். போன வருஷக் காய்ச்சலில் அவரிடம் மருந்து குடித்திருக்கிறேன். மருந்து மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. ரெண்டு தடவை கனைப்பார். பிறகு "அதாகப்பட்டது" என்பார். பிறகு மூக்கு வழியாக மிச்சத்தைச் சொல்வார். பதில் தெரியாவிட்டால் "நாக்கை நீட்டு" என்பார். புதன்கிழமை மத்தியானம் தேவதானப்பட்டியில் ஒரு பண்ணையாரைப் பார்க்கப் போய்விடுவார். அவரிடம் கம்பவுண்டராக இருக்கும் பிச்சைமணி என்னோடு படித்தவன். மறுநாளே புதன்கிழமை, சந்தனம்மாளைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனேன்.

"ஏலே, மாட்டுனா என் வேலை போயிரும்ல" என்றான் பிச்சைமணி.

"டாக்டரு போற பஸ் போயிருச்சா?"

"போயிருச்சு."

"அப்ப நான்தான் டாக்டரு. நீ வெளிய போயி என் பேரைக் கூப்பிடு."

சந்தனம்மாள் டாக்டரை ஒரு நாளும் பார்த்ததில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. நான் உள்ளே போய் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தேன். நாற்காலி முனகியது. கழுத்தில் குழாயையும் மாட்டிக்கொண்டேன். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"கும்புடுறேன் டாக்டரய்யா" என்றேன் என் குரலில்.

"ம்ஹும், ம்ஹும். அதாகப்பட்டது, உக்காருப்பா. நாக்கை நீட்டு."

நீட்டினேன். நானே நீட்டி நானே எட்டிப் பார்க்கப் பார்த்தேன். நுனி மட்டும் தெரிந்தது.

"எடை எவ்வளவு?"

"ஏழு மணங்குங்கய்யா."

"பேஷ்."

"கொறைக்கணுமாங்கய்யா?"

"கொறைக்கிறதா? அப்படி யாரு சொன்னது?"

"வீட்டுல சொன்னாகய்யா."

"வீட்டுல டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா?"

"படிக்கல. படிச்சவுக மாதிரி பேசுவாக."

இந்த இடத்தில் வெளியே பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. நான் கவனிக்கவில்லை. கலைஞனுக்கு உற்சாகம் வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும்.

"அதாகப்பட்டது, உன் உசரத்துக்கும் வயசுக்கும் எலும்புக்கும் ஏழு மணங்குதான் இலக்கு. அதுல நீ சொல்லி வச்ச மாதிரி நிக்கிறே. ஒரு பலம் எடை கொறைஞ்சாலும் ஹார்ட்டுக்கு ஆகாது. வாரத்துக்கு மூணு நாள் வெடக்கோழி சாப்பிடு."

"மூணு நாளாங்கய்யா?"

"நாலு நாள்."

"பந்தயத்துல வண்டி ஓட்டலாமாங்கய்யா?"

"நீதான் ஓட்டணும். எடையுள்ள ஆளு உக்காந்தாத்தான் வண்டி கொடை சாயாது. எவ்வளவுக்கு எவ்வளவு கனமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது."

திரைக்கு வெளியே சந்தனம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"டாக்டரய்யா, நான் உள்ள வரலாமுங்களா?"

"வேண்டாம் தாயி. உள்ள மருந்து நெடி. அங்கன இருந்தே கேளு."

"சரிங்கய்யா. கனமான ஆளு ஓட்டுனா நல்லதுன்னு சொன்னீக."

"அதாகப்பட்டது, ஆமா."

"ரொம்ப நல்லதாப் போச்சுங்கய்யா. எங்க அண்ணன் அழகரு ஒம்பது மணங்கு இருப்பாரு. அவரையே ஏத்திருறோம்."

என் தொண்டையில் இருந்த டாக்டர் ஒரு நிமிஷம் வெளியூர் போய்விட்டார். இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ம்ஹும். ஒம்பது கூடாது தாயி. மாடு திணறும். மாட்டுக்கு எடை கொறையக் கொறையச் சொகம்."

"அப்படிங்களா. எங்க தம்பி பால்பாண்டி நாலு மணங்குதான். அவனை ஏத்துவோமா?"

"நாலா? அவன் காத்துல பறந்துருவான்."

"அப்பக் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"அதைத்தான நானும் சொல்றேன்."

"அப்ப எத்தனைன்னு ஒரே எண்ணாச் சொல்லிருங்கய்யா. கௌமாரியம்மா சாட்சியாச் சொல்லுங்க. பொறகு நான் கேக்க மாட்டேன்."

ஏழு என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன். அம்மன் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"ம்ஹும், ம்ஹும். அதாகப்பட்டது, ஆறு."

என் வாய் மூடித்தான் இருந்தது. என் டாக்டர் குரல் திரைக்கு வெளியே பேசியது.

திரை விலகியது. ஒல்லியான மனுஷர் ஒருவர் கையில் தோல் பையோடு நின்றார். பின்னால் சந்தனம்மாள். அதற்கும் பின்னால், சுவரோடு சுவராக, பிச்சைமணி. பஸ் ஊர் எல்லை தாண்டுவதற்குள் நின்றுவிட்டதாம். டாக்டர் நடந்தே திரும்பி, சந்தனம்மாள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே தாமே வைத்தியம் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வரப் போனவரைச் சந்தனம்மாள்தான் தடுத்திருக்கிறாள். "செத்த இருங்கய்யா, எதுவரைக்கும் போறாகன்னு பாப்போம்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றேன் அவளிடம், நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமலே. எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலி என்னைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரு பேசுனா ஒருத்தராச்சும் குறுக்க விழுந்து பேசணும்ல மச்சான்? உள்ள ஒருத்தர் பேச்சுக்கு ஒருத்தர் அம்புட்டு மரியாதையாக் காத்திருந்தீக. அப்பவே தெரிஞ்சது."

டாக்டர் திட்டவில்லை. பிச்சைமணியும் அவருமாக இழுத்து என்னைக் கழற்றினார்கள். பிறகு அவர் உட்கார்ந்து, நிஜமாகவே நாக்கை நீட்டச் சொன்னார். குழாயை வைத்துக் கேட்டார். இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தார். நாடா முடிந்தது, இடுப்பு முடியவில்லை.

"என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றார்.

"வண்டி ஓட்டணுமுங்கய்யா. எடையைக் கொறைக்கணும்னா நாளையில இருந்து பட்டினி கிடக்கேன். பந்தயத்துக்குள்ள ஆறு மணங்குக்கு வந்துருறேன்."

"அதுக்குள்ள ஒரு மணங்கு எறங்குனா நீ வண்டியில ஏற மாட்டே, உன்னையத்தான் ஏத்துவாக. அதாகப்பட்டது, மாசத்துக்கு மூணு ராத்தல். மணங்குக்கு இருபத்தஞ்சு ராத்தல். தை பொறக்கையில ஆறு மணங்குக்கு வா. கேப்பைக்களி ஒரு உருண்டை, கீரை, தெனமும் கோயில் வரைக்கும் நடை. கோழி வேணும்னா சாப்பிடு, வாரத்துக்கு ஒரு நாள். அதையும் வேண்டாம்னு சொல்ல முடியல. நான் முன்னாடியே நாலு நாள்னு சொல்லிட்டேனாம்ல."

சந்தனம்மாள் சேலையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தைக்கு எளைச்சு என்ன செய்ய? பந்தயம் இந்தச் சித்திரையில வருதுல்ல" என்றேன். அது என் சொந்தக் குரல்தான்.

டாக்டர் நாடாவைச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டார். "என்ன சோடி?"

"மயிலையும் செவலையும்" என்றாள் சந்தனம்மாள்.

"மயிலை வலத்தயா, எடத்தயா?"

"வலத்தங்கய்யா."

"எத்தனை பல்லு?"

அவர் கேட்ட விதத்திலேயே விஷயம் தெரிந்துபோனது. டாக்டருக்குப் படிக்க அனுப்புவதற்கு முன்னால் மயிலாடும்பாறையில் அவர்தான் சாரதி. இப்போது எடை அஞ்சு மணங்கு. சந்தனம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அய்யாவே ஓட்டுங்க."

டாக்டர் முகம் கோயில் விளக்குப் போல எரிந்து, உடனே அணைந்தது. "முடியாது தாயி. பந்தயம், கயிறுன்னு பேச்செடுத்தா என் வீட்டுக்காரி பொறந்த வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிருவா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்கட்டுலதான் இருக்கா. புதன் மத்தியானம் தவிர எந்நேரமும் என் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். கேக்கலைன்னா எட்டிப் பாப்பா."

"குரல்தான கேக்கணும்?" என்றாள் சந்தனம்மாள்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பந்தயத்தன்று தலைப்பாகையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் எங்கள் வண்டியில் ஏறினார். நான் டாக்டர் அறையில் உட்கார்ந்தேன். ஊரே திருவிழாவுக்குப் போய்விட்டதால் ஒரு நோயாளிகூட இல்லை. பிச்சைமணியும் போய்விட்டான். நான் மட்டும் சுவரைப் பார்த்துக் கனைத்தேன். "அதாகப்பட்டது, எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்றேன். பிறகு ஒரு கிழவர் குரலில் பதில் சொன்னேன். பிறகு குழந்தை குரலில் அழுதேன். குறுக்கே விழுந்து பேசவும் இந்தத் தடவை மறக்கவில்லை. தொண்டை வறண்டது. மனசு மட்டும் வீரபாண்டி ரோட்டில் மயிலைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. டாக்டரம்மா முழுசாக ஏமாந்துவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்கையில் சந்தனம்மாள் வந்தாள். தலையெல்லாம் செம்மண் புழுதி.

"நம்ம வண்டிதான் மச்சான் மொதல்ல வந்துச்சு."

"ஸ்ஸ், மெதுவாப் பேசு. டாக்டரம்மா பின்கட்டுல இருக்காக."

"அவுக எங்க இங்கன இருக்காக? காலையில நான்தான் பின்வாசல் வழியா வந்து, அய்யா ஓட்டுறதச் சொல்லிப் பந்தயத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், கோவம்கூடப் படாம மொத வரிசையில நின்னு கைதட்டுனாக. நீங்க யாருக்கு மச்சான் பொழுதன்னைக்கும் வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தீக?"