பதினோராம் மாடிக்குச் சூடு வந்த விதம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
தை 23

அன்பு மச்சான் ஜெனாட்டுக்கு,

நாங்கள் நலம். மாதா கிருபையால் நீங்களும் நலமாயிருப்பீர்கள். நலமில்லாவிட்டாலும் மன்னாரில் குளிராமல் இருப்பீர்கள்.

அடுத்த மாதம் கனடா வருமுன் ஆங்கிலத்தை எப்படிச் சீர்செய்வது என்று கேட்டிருந்தீர். நடந்ததையே பதிலாக எழுதுகிறேன். எங்கள் பதினோராம் மாடி வீட்டு ஹீற்றர் பத்து நாளாக வேலை செய்யவில்லை. வெளியே மைனஸ் இருபது. உமது அக்கா பேர்ணடெற் குளிர்கோட்டோடு சமைத்து, கோட்டோடு செபமாலை சொல்லி, கோட்டோடு என்னைப் பார்த்தாள். "முப்பது வருசம் இங்கிலிஷ் படிப்பிச்ச மனிசன், ஒரு ஹீற்றரைத் திருத்துவிக்க ஏலாதோ?" நான் கட்டட அலுவலகத்துக்குப் போய், மனேச்சர் பெண்மணியிடம் பிழையில்லாத ஆங்கிலத்தில், ஒரே வாக்கியத்தில், நான்கு நிமிடம் முறையிட்டேன். அவர் கதிரையைப் பின்னே தள்ளி, தயவுசெய்து கத்தவேண்டாம் என்றார். நான் கத்தவில்லை. வகுப்பில் கடைசி வாங்கில் தூங்குபவனுக்கும் கேட்கவேண்டிய குரல் அது. சுட்டுவிரலும் தன்பாட்டில் உயர்ந்திருந்தது. காவலாளி என்னை லிஃப்ற் வரை மரியாதையாகக் கூட்டிச்சென்றார். வாக்கியத்தின் மிச்சத்தை அவருக்குச் சொன்னேன்.

மறுநாள் கீழ்மாடி வின்சன்றை அழைத்துப் போனேன். தமிழ்க் கடையில் மீன் வெட்டுபவர். ஆங்கிலச் சொற்கள் இருபது தெரிந்தால் அதிகம். வழியில்கூட வாய் திறக்கவில்லை. உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என்ன பிரச்சினை என்று மனேச்சர் கேட்க, "கோல்ட்" என்றார். பிறகு மனேச்சரையே பார்த்தபடி இருந்தார். அரை நிமிடம். மனேச்சர் முகம் சிவந்து இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். வின்சன்ற் மெல்லத் தலையாட்டினார். இன்றே ஆள் வரும் என்றார் மனேச்சர். மூன்று மணிக்கு வீடு அனலாய்க் கொதித்தது. பேர்ணடெற் கோட்டைக் கழற்றி, "வின்சன்ற் அண்ணை என்னமா இங்கிலிஷ் கதைச்சிருப்பார்!" என்றாள்.

மச்சான், இப்படியோர் ஆங்கிலத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும் மீன்காரரின் கம்பீரம் அது. இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, விமானம் ஏறும்வரை தினமும் மீன் சந்தையில் நின்று பாரும்.

மாமிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர். தேவ அன்னை உங்களையும் உங்கள் கூரையையும் காப்பாராக.

கோட்டில்லாமல் எழுதும்,
அத்தான் எமிலியானுஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வின்சன்றிடம் அந்த மௌனத்தின் இரகசியத்தைக் கேட்டேன். "என்ன மௌனம், மாஸ்ரர்? அண்டைக்குக் காலமைதானே கடைவாய்ப் பல்லுப் புடுங்கினது. விறைப்பூசியிலை நாக்கு இருக்கோ எண்டே தெரியேல்லை" என்றார். ஆகவே மீன் சந்தைக்குப் போகவேண்டாம். இன்று எங்கள் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது. திங்கள் பத்து மணிக்கு மனேச்சரைப் பார்க்கவேண்டும். ஒன்பது மணிக்கு அதே பல் வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். என் பற்களில் ஒரு குறையும் இல்லை.