முன்கூட்டியே டிக் அடித்த பட்டியல்

அக்கா பெற்ற அருமைச் செல்வமும், ஊரிலுள்ள கட்டடங்களையெல்லாம் நெருப்பிலிருந்து காப்பாற்றப் பயிற்சி கொடுப்பவளும், என்னைவிட இருபத்தெட்டு வயது சின்னவளாக இருந்தும் எனக்கே விசில் ஊதக் கற்றுக்கொடுத்தவளுமான என் மருமகளுக்கு, உன் தாய்மாமன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே உடம்பு சௌக்கியம். உடம்பு மட்டும்தான் சௌக்கியம். அங்கே நீயும் உன் அப்பா அம்மாவும் நன்றாக இருப்பீர்கள். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

அடுத்த வாரக் கடைசியில் உன் பயிற்சி வகுப்பிலிருந்து முப்பது பேரை எங்கள் ஆபீசுக்குக் கூட்டிவந்து, "ஆறாம் மாடியிலிருந்து இருபத்துமூன்று பேரை நாலே நிமிஷத்தில் இறக்கிக் கணக்கெடுத்த வார்டன் இவர்தான்" என்று என்னைக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மாடி. அந்த நாலு நிமிஷத்தை உன் வகுப்பில் சொல்லவும் சொல்லாதே. கேட்டுவிட்டு எவனாவது அதே மாதிரி செய்துவைத்தால் அந்தப் பாவமும் என் தலையில் வந்து விடியும்.

தண்ணீர் மீட்டர் கம்பெனி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் பில்லோடு பில்லாகத் தேய்ந்துபோனவனிடம் திடீரென்று ஒரு மஞ்சள் ஹெல்மெட்டையும் ஒரு விசிலையும் கொடுத்து, நீதான் இந்த மாடிக்கு ஃபயர் வார்டன் என்று சொன்னால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் ஆயிற்று. நான் வராந்தாவில் நடந்தாலே சுற்றுவட்டாரத்து அடுப்பெல்லாம் பயந்து அணைந்துவிடும் என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, "கடைசி உயிர் இறங்கும்வரை இந்தக் கால் ஒரு படியும் இறங்காது" என்று முழங்குவேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள். சாப்பிட்ட கையோடு தட்டினார்கள், இருந்தாலும் தட்டினார்கள்.

முதல் தடவை டிரில் நடத்தியபோது எல்லோரையும் கீழே மைதானத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். ஒன்பது நிமிஷம் ஆனது. வெயிலில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள், போனவர்களைத் தேடப் போனவர்களும் டீ குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். பட்டியலில் இருபத்துமூன்று பெயருக்கும் முதல் நாளே டிக் அடித்து, அதை ஐம்பது காப்பி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். தேதி மட்டும் காலி. டிரில் அன்றைக்குத் தேதியைப் போட்டு, கீழே போய் தாளைத் தூக்கிப் பிடித்து "எல்லாரும் வந்தாச்சு" என்று ஒரு கத்தல். நாலு நிமிஷம். உலகத்தில் எந்த மாடியும் இவ்வளவு வேகமாகக் காலியானதில்லை. எங்கள் டைப்பிஸ்ட் ரிட்டயர் ஆகி மகன் வீட்டோடு போய் எட்டு மாசம் ஆகிறது, அவர்கூட அதற்கப்புறம் மூன்று தடவை எங்கள் மாடியிலிருந்து பத்திரமாக இறங்கியிருக்கிறார்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தேன். எங்கள் மாடியில் டெலிபோன் போர்டு பார்க்கிற அம்மா ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் போர்டு மேடம். இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார், படி இறங்க முடியாது. அவரை உட்காரவைத்து மாடிப்படியில் இறக்குவதற்கென்றே சக்கரம் வைத்த மடக்கு நாற்காலி ஒன்று கம்பெனி வாங்கிக் கொடுத்தது. அதை விரித்துப்போட்டு ஆளாளுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கண் அசர ஆரம்பித்தார்கள். விடுவேனா? நாற்காலியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். "சாவி என்கிட்ட இருக்குற வரைக்கும் நீங்க கவலையே படாதீங்க மேடம்" என்றும் சொன்னேன். அவரும் கவலைப்படவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வரத்தான் மனசில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டிரில் என்று நானே நோட்டீஸ் எழுதி ஒட்டியிருந்தேன். செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அபாய மணி அடிக்கிறது. வராந்தாக் கோடியில் புகை. நாடக மேடையில் விடுவார்களே, அந்த மெஷின் புகை, மேனேஜர் யாருக்கும் சொல்லாமல் ஏற்பாடு செய்தது. எனக்கென்ன தெரியும்? வியாழக்கிழமைதானே டிரில், அப்போ இது நிஜ நெருப்புதான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் எதையுமே நெனக்கலை, காலுதான் நெனச்சுது. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு விழுந்தடிச்சு ஓடினேன். போர்டு மேடம் "சார், சாவி"ன்னு கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. விழலைன்னு உன்கிட்ட சொல்லலாம்னுதான் ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டேன். விழுந்துச்சும்மா. அஞ்சாம் மாடி ஆளுங்களை மூணாம் மாடியில முந்தினேன். "வழி விடுங்க, வழி விடுங்க, நான் வார்டன்"னு கத்திக்கிட்டே முந்தினேன். அவங்களும் பாவம், வார்டனுக்கு, முன்னாடி போய்க் காப்பாத்த வேண்டிய வேலை ஏதோ இருக்குன்னு நெனச்சு மரியாதையா ஒதுங்கினாங்க. ஆறு மாடிக் கட்டடத்துலயும் முதல் ஆளா மைதானத்துக்கு வந்து சேர்ந்தவன் உன் மாமன்தான்.

அங்கே மேனேஜர் கையில் வாட்சோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், நீங்க வியாழக்கிழமைன்னு நோட்டீஸ் ஒட்டினா நெருப்பும் அதைப் படிச்சுட்டா வரும்?" என்று சிரித்தார். டிரில்தான் என்று தெரிந்ததும் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே பழைய வார்டனும் வந்துவிட்டான். பையிலிருந்து தாளை எடுத்துத் தேதியைப் போட்டு உயரத் தூக்கினேன். டெஸ்பாட்ச் ஆட்கள் இரண்டு பேர் கடைசியாக மூச்சிரைக்க இறங்கிவந்து, "சார், மேடத்தைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? அலமாரியை ஒடைக்கப் பாத்தோம், வரலை. 'நீங்க போங்க, வார்டன் சார் சாவியோட வருவாரு'ன்னு அவங்கதான் எங்களை அனுப்பினாங்க" என்றார்கள். நான் தாளைக் காட்டி, "டிக் அடிச்சிருக்கு பாருங்க" என்றேன். அவர்கள் டிக்கைப் பார்த்து நிம்மதியாகப் போய்விட்டார்கள்.

மேனேஜர் பேசி முடித்து, எல்லோரும் லிப்டில் ஏறி மேலே வர நாற்பது நிமிஷம் ஆனது. மேடம் மாடிப்படிக் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரக் கைக்குட்டை மூக்கில், ஊன்றுகோல் இரண்டும் மடியில். புகை பொய்யென்று அவருக்கு யார் சொல்வார்கள்? என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "சார், போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றார். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடத்தை வேணும்னேதான் மேல விட்டுட்டு வந்தேன், அதுவும் டிரில்ல ஒரு பகுதி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனை எடுக்கப் போய்விட்டார். ஓடினதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். அந்தப் பார்வையை எந்தப் பைக்குள் போட்டுப் பூட்டுவது?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலை மேனேஜர் முன்னால் நின்று, ஜெராக்ஸ் கட்டை மேஜைமேல் போட்டு, ஒரு எழுத்து விடாமல் சொல்லப்போகிறேன். யாருக்குமே தெரியாத உண்மையை நானே சொல்வதால் அவர் திகைத்துப்போய் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மேடம் கண்கலங்கி மன்னிப்பார். தப்பை ஒத்துக்கொண்ட ஒரே வார்டன் என்று என்னையே பதவியில் வைத்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. அப்படியானால் நீ உன் முப்பது பேரோடு வா. நேர்மைக்கு உதாரணமாக வேண்டுமானால் என்னைக் காட்டிக்கொள்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நீ கால் வைக்கிற கட்டடத்திலெல்லாம் வாசல் திறந்தே இருக்க இந்த மாமன் ஆசீர்வதிக்கிறேன், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு இருந்தால். அப்பாவுக்கு வணக்கம், அக்காவுக்கு அன்பு.

இப்படிக்கு,
கூசிப்போயிருக்கும் உன் மாமன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. போய்ச் சொன்னேன். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. டிராயரைத் திறந்து ஒரு தாளைக் கொடுத்தார். மேடத்தின் கையெழுத்து. "செவ்வாய்க்கிழமை 11.10 முதல் 11.50 வரை நான் ஆறாம் மாடியில் இருந்தேன். அதே நேரத்தில் நான் கீழே இருந்ததாக வார்டனின் பட்டியல் சொல்கிறது. இரண்டில் எது சரி என்று விசாரித்துச் சொல்லவும்." டிரில் நடந்த அன்று மத்தியானமே கொடுத்துவிட்டாராம். "அவராவே வந்து சொல்லுவாரு, ஒரு வாரம் பொறுங்கன்னு டைம் வாங்கினதும் அவங்கதான். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி இருந்துச்சு" என்றார் மேனேஜர். ஆக, ஆபீஸ் முழுக்கத் தெரிந்த ரகசியத்தைத்தான் நான் அவ்வளவு வீரமாக வெளியிட்டிருக்கிறேன். இனி ஆறாம் மாடி வார்டன் போர்டு மேடம். நாற்காலியும் அலமாரியை விட்டு வெளியே வந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது, தூக்குவதற்கு அந்த டெஸ்பாட்ச் ஆட்கள் இரண்டு பேர். சாயங்காலமே புதுப் பட்டியலை ஒட்டிவிட்டார். அதில் "இறங்க உதவி தேவைப்படுவோர்" என்று ஒரு கட்டம். அவர் பெயர் அங்கே இருக்கும் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது. பக்கத்தில் குறிப்பு: "பயந்தால் ஓடிவிடுவார். என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கவும்." நீ வரும்போது பயிற்சிக்காக ஒரு தடவை இறங்கிக் காட்டவேண்டுமாம். நான் இடது பக்கக் கைப்பிடி.