இடது மூலையில் ஒரு கட்டடம்

படத்தின் இடது மூலை காலியாக இருந்ததுதான் முதல் தொல்லை.

வேட்பாளர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார். அவருடைய பிரசாரப் படங்களைச் செய்து கொடுப்பது அவள் வேலை. இம்முறை அவர் கேட்டது அந்தக் காலத்துக் கடைத்தெரு. நிஜப் படம் எங்கும் அகப்படாததால் கணினியை வரையச் சொல்லியிருந்தாள்.

“நாளைக்குத் தரேன்னு சொன்னா ஜனங்க சிரிப்பாங்கம்மா. நேத்து இருந்துச்சுன்னு சொல்லிப் பாரு, கண்ணு கலங்கிடும். அந்த மூலையில எதையாவது போடு.”

கணினி ஓட்டுக்கூரையோடு ஒரு சின்னக் கட்டடத்தைப் போட்டது. ‘இழந்ததை மீட்போம்’ என்று மேலே எழுதி, வட்டாரத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள்.

தேநீர் ஆறுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன.

“அது பெண்கள் கழிப்பறைதானே!” என்று எழுதியிருந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

“எப்பவும் தண்ணி வரும்” என்றார் தையற்கடை அம்மா.

“முகம் பார்க்கக் கண்ணாடிகூட இருந்துச்சு.” இது அவளுடைய மாமியார்.

கணினி இட்டுக்கட்டிய அந்தக் கட்டடத்தை அவள் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். வேட்பாளருக்கோ வாயெல்லாம் பல். “இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே, யாரு இடிச்சா? எதிராளிதான். போடு அதையும்!”

போட்டாள். பிறகு மனம் கேட்காமல், கட்டடத்தை மறைத்து ஒரு மரத்தை வைத்துப் படத்தை மாற்றினாள்.

“படத்துலகூட விட்டு வைக்க மாட்டீங்களா?” என்று குழுவே கொதித்தது.

மரத்தை எடுத்துவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘கற்பனைப் படம்’ என்று சேர்த்தாள். மறுநாள் காலை அலுவலக வாசலில் பெண்கள் கூட்டம்.

“எங்க ஞாபகம் கற்பனையா?”

முன்வரிசையில் மாமியார். மருமகளை யாரோ எவரோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே கோஷம் போட்டார்.

எதிர் வேட்பாளர் பதறிப்போய், தான் இடிக்கவில்லை என்றும், இருந்தாலும் தானே கட்டித் தருவதாகவும் அறிவித்தார். இவர் விடுவாரா? தெருவின் இந்த முனையில் இவர் ஆட்கள் பள்ளம் தோண்ட, அந்த முனையில் அவர் ஆட்கள் தோண்டினார்கள். தோண்டிக்கொண்டே எதிர் வேட்பாளர் ஒரு கேள்வியும் கேட்டார்: “அசல் புகைப்படம் எங்கே?”

அது இல்லையென்று தெரிந்தால் அவள் வேலை போய்விடும். அதைவிட, இத்தனை பெண்களையும் ஊரே பார்த்துச் சிரிக்கும். வேட்பாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“சார், அப்படியொரு கட்டடம் இருந்ததே இல்ல. நான் செஞ்சது.”

“என்னம்மா உளர்றே? அதோட திறப்பு விழாவுக்கு எங்கப்பா தோள்ல உட்கார்ந்து போயிருக்கேன் நான்.”

அவர் பொய் சொல்லவில்லை. கண்கள் நிஜமாகவே பனித்திருந்தன.

வீட்டுக்கு நடக்கையில் அவள் தன்னுள்ளேயே ஒன்றைக் கண்டு திடுக்கிட்டாள். ஈரத் தரையின் குளிர்ச்சி, கையைப் பிடித்திருக்கும் அம்மா, தலைக்கு மேலே ஓட்டுக்கூரை. அவள் கல்யாணமாகித்தான் இந்த ஊருக்கே வந்தாள். ஒரு பொத்தானை அழுத்தி அவளே உண்டாக்கியது அது. ஆனாலும், போய்விட்டதே என்று நெஞ்சு வலித்தது. யாருடைய ஏக்கம் எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன். அந்தக் கட்டடம் எந்தக் காலத்துலயும் கிடையாது. கம்ப்யூட்டர் போட்டது. நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்.”

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பக்கமும் கூரை ஏறுற வரைக்கும் வாயைத் திறந்தே, தெரியும் சேதி. ‘கட்டிக் குடுங்க’ன்னு இருபது வருஷமா மனு குடுத்தோம், ஒருத்தன் திரும்பிப் பார்க்கல, ‘இடிச்சுட்டீங்களே’ன்னு கேட்டதும் ரெண்டு பேரும் செங்கல்லைத் தூக்கிட்டு ஓடி வர்றானுங்க!”