முதல் கார் சரித்திரமான விதம்

ஷபாஹங் மோட்டார் கம்பெனி தனது ஐம்பதாண்டுச் சரித்திரத்தைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தீர்மானித்தபோது, அந்தச் சரித்திரத்தின் முதல் கார் எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில், அது தெஹ்ரான் வீதிகளில் டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் கம்பெனியின் கார் ஓடுகிறது என்பதை அதிகாரிகள் முதலில் நம்ப மறுத்தார்கள்.

டிரைவர் ஹெஷ்மத் மரியாதை தெரிந்தவர். கூலி நீட்டும் பயணியிடம், "உங்ககிட்டப் போய் வாங்குறதா? இருக்கட்டும்" என்று மும்முறை மறுத்துவிட்டு அப்புறம்தான் வாங்குவார். ஊர் வழக்கம் அது. நேரில் பார்க்க வந்த கம்பெனித் தலைவர் தவக்கோலி வண்டியைத் தடவி "அருமை" என்றதும், வாய்ப் பழக்கத்தில் ஹெஷ்மத், "உங்களோடதுதான் சார், எடுத்துக்குங்க" என்றார்.

மும்முறை மறுத்திருக்க வேண்டிய தவக்கோலி ஒருமுறைகூட மறுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வண்டி கம்பெனி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

 மறுநாள் ஹெஷ்மத் தலைவர் அறைக்கு ஓடினார்.

"சார், அது சும்மா மரியாதைக்குச் சொன்னது. வண்டி இல்லாட்டி பொழப்பே இல்ல."

"அப்படிச் சொல்லலாமா? இந்தக் கம்பெனியே உங்களோடது. முதல்ல உக்காருங்க."

"பரவால்ல சார்."

"என் நாற்காலியிலயே உக்காருங்க. உங்களுக்கு இல்லாததா?"

ஹெஷ்மத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுக்காமல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்லத் தவக்கோலிக்கு நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. உள்ளே வந்த அதிகாரிகளோ இதற்கு வியக்கவில்லை. அந்த நாற்காலியில் அடிக்கடி ஆள் மாறும். ஏன் என்று கேட்டவர்கள் அங்கே நிலைத்ததில்லை. நாற்காலியில் இருந்தவருக்குப் பணிவுடன் வணக்கம் செலுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாரக் கடைசியில் ஹெஷ்மத்தின் மனைவி தூபா வந்தாள்.

"நாளைக்கே உங்களையும் மாத்திடுவாங்க. அப்ப எத ஓட்டுவீங்க? இப்ப நீங்கதான தலைவரு, நம்ம வண்டிய விட்டுடச் சொல்லுங்க."

ஹெஷ்மத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது எப்படிம்மா? நாங்க செஞ்சதுல ஓடுறது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா கம்பெனிக்குச் சரித்திரம்னு என்ன மிஞ்சும்?"

"அப்ப வாசல்ல வரிசையா புதுசு நிக்குதே, அதுல ஒண்ணு குடுங்க."

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அதெல்லாம் ஜனங்களுக்குச் செய்யறது தூபா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நீ எனக்கு உசிரோட வேணும்."