வைட்டமினுக்குத் துணையாகப் பன்றிக்கறி

மாத்திரைப் பக்தர் என்றொரு மனித இனம் உண்டு. உலகமெங்கும் காணக் கிடைத்தாலும் எங்கள் மெரிதா நகரத்தில் அது கொழுகொழுவென்று வளர்கிறது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் நிழலுக்கு நிழல் தாவி வீடு சேர்ந்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, மின்விசிறிக்கு அடியில் வலைத்தொட்டிலில் சாய்ந்து, வெயில் சும்மா தருகிற சத்தைப் புட்டியிலிருந்து எடுத்து விழுங்குகிறவர் எவரோ, அவர்தான்.

பெயிண்ட் கடை எலெயுத்தேரியோ கன்சேயை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றிருபத்தெட்டு கிலோ. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் அவரிடம் ஒற்றுமையாகக் குடித்தனம் செய்தன. டாக்டர் பெச் அம்மாள் நாலு கட்டளை போட்டார்: எடையைக் குறை, தினமும் நட, குளிர்பானத்தை விடு, வைட்டமின் டி சாப்பிடு. அத்தோடு விட்டாரா?

"வெறும் வயித்துல போடாதீங்க. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோட போட்டாதான் உடம்புல சேரும்."

அந்த அம்மாள் வெண்ணெய்ப்பழத்தை நினைத்துச் சொன்னார். எலெயுத்தேரியோவுக்குச் சந்தையில் விற்கும், மண்ணுக்குள் குழியடுப்பில் வெந்த பன்றிக்கறிதான் கண்முன் வந்து நின்றது. மறுநாள் காலை ஒரு மாத்திரைக்கு இரண்டு கறிரொட்டி. ஒரு வாரம் போனதும் மனிதர் யோசித்தார்: இரண்டுக்கே இவ்வளவு சேருமென்றால் நாலுக்கு எவ்வளவு சேரும்? மாத்திரையை ஏற்றப் பயம், ஆகவே துணையை ஏற்றினார்.

"குண்டா, டாக்டரம்மா நாலு சொன்னாங்க. உன் காதுல ஒண்ணுதான் ஏறிச்சா?" என்றாள் மனைவி நிதியா.

"நாலையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா உடம்பு தாங்குமாடி?"

இதற்கு நடுவில் மகள் யாரெலிக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அன்று மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அப்பா மண்டியிட்டு, மகளின் சிறுமிச் செருப்பைக் கழற்றி, முதல் முதலாகக் குதிகால் உயர்ந்த காலணியை மாட்டிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக மனிதர் பதினைந்து வருடம் காத்திருந்தார். கடையில் தனியாக இருக்கும்போது அதை நினைத்து அழுததும் உண்டு. ஒத்திகையில் மண்டியிட்டார். வயிறு முதலில் போய் உட்கார்ந்து பார்வையை மறைத்தது.

"அப்பா! அது என் கால் இல்ல, நாற்காலிக் கால்!"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா. வைட்டமின் இப்பதான் வேலைய ஆரம்பிச்சிருக்கு," என்றார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி.

அந்த இரண்டு மாதத்தில் கறிரொட்டி ஆறாயிற்று.

விழா நாள். இருநூறு பேர், வாத்தியக் கோஷ்டி, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் யாரெலி. எலெயுத்தேரியோ மண்டியிட்டுக் கையால் தடவித் தடவிச் சரியான காலிலேயே மாட்டிவிட்டார். கைதட்டல் கூரையைத் தொட்டது. இனி எழ வேண்டியதுதான். எழவில்லை. நாற்காலியைப் பிடித்தார், அது முனகியது. முகம் சிவந்து, பிறகு வெளுத்து, மார்பு துருத்திபோல் ஏறி இறங்கியது. வாத்தியக்காரர்கள் அதே மெட்டை மூன்றாம் முறை வாசித்தார்கள். நண்பர்கள் ஓடிவருவதற்குள் யாரெலி, அதுவரை போட்டு நடந்தே பழகாத காலணியில், எழுந்து குனிந்து அப்பாவின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்தாள்.

"என் கழுத்தப் பிடிச்சுக்கோப்பா. அவசரமில்ல. மூச்சு விடு... இன்னொருக்கா விடு."

தூக்கி நிறுத்தினாள். குழந்தைப் பருவம் முடிந்தது என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது, நிஜமாகவே முடிந்துபோனது. நாற்காலியில் சரிந்த எலெயுத்தேரியோ வியர்வையையும் கண்ணீரையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். மூச்சு வந்ததும் முதல் வார்த்தை சொன்னார்.

"பாத்தியா, அத்தனை நேரம் மண்டி போட்டும் ஒரு எலும்பு உடையல. எல்லாம் வைட்டமின்!"

மண்டபமே சிரித்தது. யாரெலி மட்டும் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நீங்களும் சிரித்தீர்கள்தானே? சிரியுங்கள். காலையில் சர்க்கரை மாத்திரை போட்ட தைரியத்தில் கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைக் கேட்டு வாங்கியது யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் உங்களைத் தூக்கப்போகிற பிள்ளை எது என்று மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள்; அதற்காவது வேளாவேளைக்குச் சத்தாக ஏதாவது போடுங்கள்.